நீலப் பாக்கெட்டும் புது அரிசியும்

எங்கள் கடையில் பழைய அரிசியும் புது அரிசியும் ஒரே பெட்டியில் கிடந்தன என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட முடியாது. அம்பாசமுத்திரம் பஜாரில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைக் கல்லாவில் உட்காருவது நான்தான். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து பங்குனியில் புது அரிசி வரத் தொடங்கும்போது, சில இடங்களில் பழசோடு புதுசைக் கலந்து பழசு என்றே தள்ளிவிடுவார்கள். என்னிடம் அது நடக்காது. புது மூட்டையைப் பிரிக்கிறேன் என்றால் பெட்டியில் கிடக்கும் பழசை அடிவரை அள்ளி, துணி போட்டுத் துடைத்து, அதன் பிறகுதான் புதுசைக் கொட்டுவேன். வாங்க வருகிறவர்களிடம், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இது புதுசு, வீட்ல இருக்க பழசோட கலந்து பொங்குங்க, இல்லன்னா வயித்துக்கு ஆகாது" என்று சொல்லித்தான் கொடுப்பேன். கடையில் கலக்கக் கூடாது, வீட்டில் கலக்காமல் இருக்கக் கூடாது.

இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு நாய்க்குட்டியின் குடலை நான் எப்படிக் கெடுத்தேன், பிறகு எப்படி ஜெயித்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன். ஜெயித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

குட்டி எங்களுடையதல்ல, மகளுடையது. அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஆபீஸ் மாடிப்படிக்கு அடியில் மழையில் நனைந்து கிடந்த ஒரு செவலைக் குட்டியை எடுத்து வந்து, வாடகை அறையில் ஒளித்து வைத்து வளர்த்திருக்கிறாள். நாயை ஒளிக்கலாம், நாயின் குரலை எங்கே ஒளிப்பது? மூன்றாவது வாரமே வீட்டு ஓனருக்குத் தெரிந்துபோய், நாய் இருக்கட்டுமா, நீ இருக்கிறாயா என்று கேட்டுவிட்டார். அவள் லீவு போட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடையில் துணி விரித்து அதைப் படுக்கவைத்து, பஸ் மாறி மாறி ஊருக்கு வந்து இறங்கினாள்.

"எம்மா, நாய வச்சுக்கிடுத மாதிரி ஒரு வீடு கிடைக்குத வரைக்கும் நீ பாத்துக்கிடுவியா?"

கேட்கும்போதே கண் நிறைந்துவிட்டது. வேலைக்குப் போன இந்த இரண்டு வருடத்தில் அவள் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. ஊறுகாய் கொடுத்தால்கூட, பாரம் என்று வைத்துவிட்டுப் போகிறவள். அப்படிப்பட்டவள் கேட்கிறாள். "நான் பாத்துக்கிடுதேன், நீ நிம்மதியாப் போ" என்றேன். வாக்கைக் கொடுத்த பிறகுதான் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, என்னை எடை போடுவது போல ஒரு பார்வை. நானும் எடை போடுகிறவள்தான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.

கூடையோடு ஒரு சிவப்புப் பாக்கெட்டும் வந்தது. கொண்டைக்கடலை அளவில் உருண்டை உருண்டையாக நாய்த் தீனி. குட்டி நோஞ்சானாக இருப்பதால் இதையே கொடுக்கச் சொல்லி அங்கே டாக்டர் சொன்னாராம். தீர்ந்தால் அவள் வாங்கி அனுப்புவாள் என்று ஏற்பாடு. மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. குட்டி கொஞ்சம் சதை போட்டது. கல்லாவுக்குக் கீழே என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அரிசி வாங்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன மதினி, புது வேலையாளா?" என்பார்கள். "ஆமா, தூங்குத வேலை" என்பேன். நாய் என்றால் பத்தடி தள்ளி நிற்கிற எனக்கு, கால் மேல் அந்தச் சூடு இல்லாமல் போனால் என்னவோ போலிருக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மகள் போனில் சொன்னாள், சிவப்புப் பாக்கெட் எந்தக் கடையிலும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை என்று. அதனால் என்ன, எங்கள் அம்பையில் நாய்கள் இல்லையா? மாட்டுத் தீவனம் விற்கிற கடையில் நீலப் பாக்கெட் ஒன்று தொங்கியது. குட்டிகளுக்கானது என்று படம் போட்டிருந்தது. அதை வாங்கி வந்தேன்.

டப்பாவில் சிவப்புத் தீனி இன்னும் மூன்றில் ஒரு பங்கு கிடந்தது. இங்கேதான் நான் என் கைவரிசையைக் காட்டினேன். பழசின் மேல் புதுசைக் கொட்டுகிற பழக்கம் என் ரத்தத்திலேயே கிடையாதே. மிச்சத்தை அடிவரை அள்ளி ஒரு பையில் போட்டு, எதிர் வீட்டு மதினியிடம் கொடுத்தேன். அவளிடம் நாலு கோழி உண்டு. "நுணுக்கிப் போடுங்க மதினி, திங்கும்" என்றேன். பிறகு டப்பாவைத் துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, நீலப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். ஒரு பழைய உருண்டைகூடக் கலக்கவில்லை. நாய்க்கும் நேர்மையாக நடந்துகொண்ட திருப்தி எனக்கு.

குட்டி முதல் வேளையே கிண்ணத்தை நக்கித் துடைத்தது. மறுநாள் விடியவில்லை, "ஏட்டி!" என்று ஒரு சத்தம்.

என் கணவருக்கு அரசு பஸ்ஸில் டிரைவர் வேலை. முதல் டிரிப் எடுக்க இருட்டோடு எழுந்து போவார். வீட்டுக்காரியை எழுப்பக் கூடாதே என்று லைட் போடாமல் நடக்கிற நல்ல மனுஷன். அந்த நல்ல குணத்துக்குக் கிடைத்த பரிசு, காலுக்குக் கீழே வழுவழுவென்று இருந்தது. மறுநாளும் மிதித்தார். மூன்றாம் நாள் லைட் போட்டுக்கொண்டு வந்தும் மிதித்தார். குட்டிக்கு அந்த அளவுக்குக் கழிச்சல். வீடு முழுவதும் அதன் கைங்கரியம்தான்.

"நாயக் குளிப்பாட்டி நடு வீட்ல வச்ச கதைதான்" என்றார், காலைக் கழுவிக்கொண்டே. "கல்லிடைக்குறிச்சியில தோப்பு வச்சிருக்காவள்லா, ஒரு அண்ணாச்சி, அவிய ஒரு குட்டி கேட்டாவ. சித்திரை பொறந்து மொத ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்னிய?"

"வாக்குக் குடுத்துட்டேன் பாத்துக்கோ."

"நீங்க குடுத்தது வாக்கு, நான் எம்பிள்ளைக்குக் குடுத்தது பொரிகடலையாக்கும்?"

பெரிய சண்டையாக வந்திருக்கும். ஆனால் அவருக்கு பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார். "அதுக்குள்ள அதுக்கு வயிறு சரியாச்சுன்னா இருக்கட்டும். ஆகலன்னா தோப்புக்குப் போவட்டும். அங்கன எங்க வேணும்னாலும் போய்க்கிடலாம்லா." சித்திரை முதல் ஞாயிற்றுக்குப் பதினைந்து நாள் இருந்தது. தோப்பு ஒன்றும் நரகம் அல்ல, எனக்கும் தெரியும். ஆனால் மகள் போன் பண்ணி, "அவன் என்ன செய்யுதாம்மா?" என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

அன்றைக்கே கடையை அடைத்துவிட்டுக் குட்டியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஆறேழு ஆடுகள். டாக்டரம்மா சின்ன வயசு, வியர்த்து வழிய வேலை பார்த்துக்கொண்டிருந்தார். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தீனிய மாத்துனீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மாத்துனேன். ஆனா நம்மகிட்ட கலப்படமே கிடையாது டாக்டரம்மா. டப்பாவத் தொடச்சு, பழசு ஒண்ணுகூட இல்லாமத்தான் புதுசப் போட்டேன்" என்றேன். நல்ல மார்க்கு கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மருந்து மேஜை மேல் ஏறிவிட்டது. கிடாவை இறக்கி முடிக்கும்போது என் சீட்டு எழுதப்பட்டு, அடுத்த ஆட்டை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டில், இரண்டு நாள் அரிசிக் கஞ்சியும் மோரும், ஒரு பொடி, கழிச்சல் நின்ற பிறகு தீனி. அவ்வளவுதான்.

கஞ்சியில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் காலையில், போன சதையெல்லாம் ஒரே நாளில் வரட்டும் என்று கிண்ணம் நிறைய நீலத் தீனி வைத்தேன். சாயங்காலமே பழைய கதை ஆரம்பித்தது. இந்தத் தடவை முன்னைவிட மோசம். பின்னங்கால் இரண்டும் நடுங்க நின்றது. விலா எலும்பை எண்ணிவிடலாம். என்னைப் பார்த்து வாலை ஆட்டப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டது. அன்றைக்கு நான் பயந்தேன். வாக்கு, மகள், தோப்பு எல்லாம் மறந்துபோய், இது செத்துப்போய்விடக் கூடாது என்று மட்டும் பயந்தேன். நீலப் பாக்கெட்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுபடியும் கஞ்சி, மறுபடியும் பொடி. ஆறு நாள் ஓடிவிட்டது.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் கடை நிறைய ஆள். எதிர் வீட்டு மதினி ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அரிசிப் பையோடு படியேறினாள். கூட்டத்தைப் பார்த்ததும் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

"மதினி, என்னத்த அரிசி தந்திய? வீட்ல நாலு பேருக்கும் ரெண்டு நாளா வயித்தால போவுது. எங்க வீட்டு மாமா எந்திரிக்கவே இல்ல!"

அத்தனை பேர் முன்னால் என் அரிசியைக் குறை சொல்லிவிட்டாள்! எனக்கு உச்சியில் ஏறியது. கல்லாவை விட்டு எழுந்தேன்.

"புதுசயே பொங்குனியளா?"

"ஆமா. பின்ன?"

"பின்னயா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, கலந்து பொங்குங்கன்னு! அரிசி நல்ல அரிசிதான். ஒங்க குடலுக்கு அது தெரியுமா? நேத்து வரைக்கும் ஒண்ணத் தின்னு பழகியிருக்கு. இன்னைக்கு ஒரேயடியா வேறயப் போட்டா அது என்ன செய்யும், பாவம்! பழசோட ஒரு பிடி புதுசு. அது ஒத்துக்கிட்டா நாளைக்கு ரெண்டு பிடி. அப்படியே பைய பைய..."

கல்லாவுக்குக் கீழே குட்டி தாடையைத் தரையில் வைத்து, கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன மதினி? ரெண்டு பிடி, பிறகு?" என்றாள் அவள். எனக்குத் தலை சுற்றுகிறதோ என்று ஒரு அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "மதினி, அந்தச் சிவப்புத் தீனி இருக்கா?"

"எந்தத் தீனி?"

"கோழிக்குன்னு தந்தேம்லா."

"இருக்கு. பாதிக்கு மேல இருக்கு. நுணுக்கிப் போட்டதுல இருந்து நாலும் ஒழுங்கா முட்டை போடுது. எதுக்குக் கேக்கிய?"

"எனக்கு வேணும். குட்டிக்குக் கலந்து போடணும். நான் அதுக்கு ஒரேயடியா..." மேலே சொல்லத் தேவைப்படவில்லை. அவள் கீழே குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

"ஊருக்குத்தான் உபதேசமாக்கும்!" என்று கையைத் தட்டினாள். "இவ்வளவு நேரம் என்னைய அந்தக் கிழி கிழிச்சியளே மதினி, ஒங்க நாய்க்கு யாரு சொல்ல? அதுக்கும் குடலுதான இருக்கு?"

கடையே சிரித்தது. ஸ்டூல் போட்ட அம்மாவும் சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன். அரிசியைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று இருந்தவளுக்கு, அரிசி தாண்டியும் வயிறு ஒன்றுதான் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

ஆனால் தீனி உடனே வந்துவிடவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம் என்றாள். கோழிகள் ஏங்கிப்போகும் என்றாள். பிறகு பேச்சுவாக்கில்தான் வெளிவந்தது, அவள் வீட்டில் பழைய அரிசி ஒரு மணிகூட இல்லை, கலந்து பொங்க நினைத்தாலும் வழியில்லை என்பது. என்னிடமும் விற்பனைக்குப் பழசு கிடையாது. எங்கள் வீட்டுச் சமையலுக்கு என்று உள்ளே ஒரு சாக்கில் கொஞ்சம் வைத்திருந்தேன். அதை யாருக்கும் தருவதில்லை.

"ஒரு படி பழைய அரிசி தாரேன். ஒரு படி தீனி தாங்க" என்றேன்.

"தலை தட்டக் கூடாது. கும்பாரமா, குவிச்சு அளக்கணும்."

"ரெண்டுக்கும் கும்பாரம்தான்."

எல்லாம் கிலோவில் விற்கிற காலத்திலும் நான் படியைத் தூக்கிப் போடவில்லை. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். அவள் நுணுக்கி வைத்திருந்ததைத் தவிர்த்து, முழு உருண்டையாக ஒரு படி அளந்தாள். நான் ஒரு படி அரிசி அளந்தேன். அவளுடைய மாமனார் கட்டிலில் படுத்தபடியே, "ஒழுங்கா அளங்க, ஒழுங்கா அளங்க" என்று இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுப் பிடி என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஏழு பிடி சிவப்பு, ஒரு பிடி நீலம். நான் கலந்து வைத்ததைக் குட்டி மோந்து பார்த்தது. அந்த நோஞ்சானுக்கு எங்கிருந்து அத்தனை கெட்டிக்காரத்தனம் வந்ததோ, உருண்டையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, மூன்று மூலையாக இருந்த நீலத் தீனியை ஒவ்வொன்றாக மூக்கால் தள்ளி வெளியே வைத்தது. முறத்தில் நான் கல் பொறுக்குவது போலவே. "ஏலே, எங்கிட்டயே பொறுக்குதியா?" என்றேன். அடுத்த வேளை வெந்நீர் விட்டு ஊறவைத்து, இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து வைத்தேன். இனி எதைப் பொறுக்கும்? என் முகத்தைப் பார்த்துவிட்டு, தின்றது.

மறுநாள் நன்றாக இருந்தது. அதற்கு மறுநாளும். ஆறுக்கு இரண்டு, ஐந்துக்கு மூன்று. காலையில் நான் வாசல் தெளிக்கும்போது அவளும் தெளிப்பாள். தெரு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சேதி போகும்.

"இன்னைக்கு எத்தன பிடி மதினி?"

"நாலுக்கு நாலு. ஒங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் நாலுக்கு நாலுதான். மாமா எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டாவ. ஒங்க ஆளு எப்படிப் போவுது?"

"கெட்டியாப் போவுது!"

பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்னவென்று விசாரித்தார். இரண்டு பேருமே சொல்லவில்லை.

ஆறாம் நாள் சறுக்கியது. காலையில் பார்த்தால் இளகியிருந்தது. கணக்குத் தப்பவில்லை, பிடி தப்பவில்லை, பிறகு என்ன? குட்டி படுக்கிற சாக்கைத் தூக்கி உதறினேன். எண்ணெய் ஊறிய ஒரு காகிதத் துண்டு விழுந்தது. மோந்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் போண்டா.

எங்கள் வீட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வருகிற ஆள் ஒருவர்தான். டூட்டி முடிந்து வந்தவர் முன்னால் காகிதத்தை நீட்டினேன். "வேணும்னே செய்யுதியளா? வயிறு சரியாகக் கூடாதுன்னா?"

பெரிய பஸ்ஸை மலை வளைவில் ஒடிக்கிற மனுஷன், காகிதத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அப்படி இல்லட்டி. நான் வாரேன்னு வாசல்லயே வந்து நிக்குது. தினமும் நிக்குது. வெறுங்கையோட எப்படி வர?"

அவரைத் திட்டுவதற்கு நான் ஒரு வண்டி வைத்திருந்தேன். "ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு குடுங்க" என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குட்டி இங்கே இருக்குமா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. அன்றைக்கு ஒரு பிடியைப் பின்னால் இழுத்து, பழையபடி நாலுக்கு நாலு வைத்தேன். ஒரு அடி பின்வாங்குவதில் மானம் ஒன்றும் போய்விடாது. சாயங்காலமே சரியாகிவிட்டது. மறுநாள் மூன்றுக்கு ஐந்து, வெள்ளிக்கிழமை இரண்டுக்கு ஆறு. சனிக்கிழமை ஒன்றுக்கு ஏழு. அத்தோடு சிவப்புத் தீனி தீர்ந்தது. கடைசி உருண்டைகள் இரண்டைத் தெருவைத் தாண்டிப் போய், அந்த நாலு கோழிகளுக்கே போட்டுவிட்டு வந்தேன். கடன் இருக்கக் கூடாது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தோப்பு அண்ணாச்சி வந்தார். கையில் புதுக் கயிறு. பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். எதிர் வீட்டு மதினி, காரணமே இல்லாமல், ஒரு கிண்ணத்தைத் திருப்பித் தருகிற சாக்கில் வந்து நின்றாள். என் கணவர் தூணில் சாய்ந்து நின்றார். நான் ஒன்பது நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். பிறகு எல்லோருக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்து, எட்டுப் பிடிக்கு உரிய காலைப் பங்கை அளந்து போட்டேன். முழுக்க நீலம். ஊறவைக்கவில்லை, பிசையவில்லை.

குட்டி ஒரு தரம் என்னைப் பார்த்தது. பிறகு மொறுக் மொறுக்கென்று கடிக்கத் தொடங்கியது. மூக்கால் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. கிண்ணத்தைச் சுவர்வரை நக்கித் தள்ளிக்கொண்டே போனது.

"நல்லாத்தான திங்குது? நோஞ்சான்னுலா சொன்னீரு?" என்றார் அண்ணாச்சி.

"தின்னது முக்கியமில்ல அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க" என்றேன் நான்.

கால் மணி நேரம் பொறுத்தோம். அண்ணாச்சி இரண்டாவது டீயும் குடித்துவிட்டார். குட்டி எழுந்தது, பக்கத்துக் காலி மனைக்கு ஓடியது, வேப்பமரத்தடியில் மூன்று சுற்றுச் சுற்றியது, உட்கார்ந்தது. நாங்கள் நாலு பேரும் வாசலில் வரிசையாக நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தோம். எழுந்து நாலு தரம் மண்ணைத் தள்ளிவிட்டு, வாலை முழுசாக ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மதினிதான் முதலில் போய்ப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

"கட்டி! சுத்தக் கட்டி!"

நான் கைதட்டினேன். வெட்கமே இல்லாமல் தட்டினேன். பரீட்சையில் மகள் முதல் மார்க் வாங்கிய அன்றைக்குக்கூட நான் அப்படித் தட்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. என் பேச்சைத் தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் தூணில் சாய்ந்திருந்தவர் முன்னால் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. நாய் இங்கனயே நிக்கட்டும்."

ஒன்பது நாள் எழுதிய பேச்சு வீணாகப் போனது. அந்தப் பேச்சில் நல்ல நல்ல இடங்கள் இருந்தன. ஆனாலும் மனுஷன் அந்த வாக்கியத்தை என்னைவிட நன்றாகச் சொன்னார்.

அண்ணாச்சி கயிற்றைச் சுற்றிப் பையில் வைத்தார். "நான் வேற குட்டி பாத்துக்கிடுதேன் வே. நாயி பீயப் பாத்துக் கைதட்டுத வீட்ல இருந்து நாயத் தூக்கிட்டுப் போனா எனக்குலா பாவம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் போனார். போகும்போது ஐந்து கிலோ அரிசி வாங்கிக்கொண்டார். புதுசு, கலந்து பொங்குங்கள் என்றேன். "தெரியும்மா, இப்பம்தான் கண்ணால பாத்தேம்லா" என்றார்.

ஆனி மாதம் மகள் போன் பண்ணினாள். நாய் வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்கிற வீடு கிடைத்துவிட்டதாம். இந்தச் சனிக்கிழமை வந்து அவனைக் கூட்டிப் போய்விடட்டுமா என்று சந்தோஷமாகக் கேட்டாள். அவளுடைய நாய், அவளுக்குக் கொடுத்த வாக்கு. எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது? கால் மேல் அந்தச் சூடு இருந்தது. போண்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏட்டி, கூட்டிட்டுப் போலாம். ஒன் நாயிதான். ஆனா ஒரேயடியா மாத்துனா ஆகாது, ஒங்கம்மாட்ட கேட்டுப்பாரு. மொதல்ல நீ இங்கன வந்து நாலு நாள் கூட இரு. அடுத்த மாசம் வந்து ஒரு வாரம் இரு. அப்படிப் பைய பைய பழக்கித்தான் கொண்டுபோணும்."

"நாய்க்காப்பா?" என்றாள் அவள்.

"நாய்க்கும்தான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வந்தவள் நாலு நாள் இருந்தாள். திரும்பிப் போகும்போது கூடையில் நாய் இல்லை, ஊறுகாய் இருந்தது. நாங்கள் இன்னும் முதல் பிடியில்தான் இருக்கிறோம். அவசரம் ஒன்றும் இல்லை.